பின்னறையில் எண்ணுகிறவள்

இடது முட்டிக்குள் யாரோ ஒரு பிடி மணலைக் கொட்டித் தைத்துவிட்டதுபோல இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஒரு கரகரப்பு, அரங்கத்தின் ஒவ்வொரு படியிலும் ஒரு கரகரப்பு. இருபத்தோரு வயதில் நூறு கிலோவுக்கு அடியில் குந்தி எழுந்த முட்டி அது. முப்பத்தொன்பதில் வெறும் உடம்பைத் தூக்கவே முனகுகிறது. முந்தின நாள் எட்டு மணிநேரம் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியிருந்தாள். மிதிக்கிற கால் அதுதான்.

குடோனில் அவளுக்கு மெடல் என்று பேர். "மெடல், அந்தச் சரக்குப் பேலட்டைச் சுவரோரமா வை" என்பார்கள். பளுதூக்குதலில் வெளிநாடு போய் வெள்ளி வாங்கி வந்தவள் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. கழுத்துச் சங்கிலியில் தொங்குகிற டாலரைப் பார்த்து வைத்த பேர் என்று புதிதாய்ச் சேர்ந்த லோடுமேன் ஒருவன் நினைத்துக்கொண்டிருந்தான். அவளும் திருத்தவில்லை. திருத்தப் போனால் கதை சொல்ல வேண்டும், கதை சொன்னால் வேலை நிற்கும்.

இளையோர் பளுதூக்கும் போட்டிக்குப் பழைய வீரர்கள் ஆறு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். பயிற்சியாளர் கூட வர முடியாத பிள்ளைகளுக்கு இவர்கள் துணை நிற்க வேண்டும். முதுகில் 'வழிகாட்டி' என்று அச்சடித்த மஞ்சள் பனியனை ஆறு பேருக்கும் ஒரே அளவில் தைத்திருந்தார்கள். மெடலுக்கு வயிற்றில் காற்றாடியது, தோளில் தையல் பிரிந்தது. கொடுத்த பையன், "கொஞ்சம் கையைத் தூக்காம இருந்தீங்கன்னா தாங்கும் மேடம்" என்றான். பளுதூக்குகிறவளிடம் சொல்கிற யோசனைதான்.

அவளுக்கு ஒதுக்கிய பெண் எடை பார்க்கும் அறைக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்று, காலையிலிருந்து காத்திருந்த வாழைப்பழத்தை இரண்டே கடியில் முடித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது. குட்டைக் கால், அகன்ற முதுகு, தொடையில் பழைய சிராய்ப்பு. பக்கத்தில் அவள் அம்மா, துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி. கட்டட வேலையில் சித்தாள். விரல் நுனியெல்லாம் சிமெண்டு அரித்து வெளுத்திருந்தது.

"எவ்வளவு இருக்கே?" என்றாள் மெடல்.

"நாப்பத்தெட்டரைக்கா. எங்க ஜிம்மில என்னை மூட்டைன்னு கூப்பிடுவாங்க. சிமெண்டு மூட்டை அம்பது கிலோல்ல?"

"அப்போ ஒன்றரைக் கிலோ குறையுதே."

"கிழிஞ்ச மூட்டை" என்று அம்மாக்காரி குறுக்கே சொன்னாள். சிரிக்கவில்லை. அவள் பாட்டுக்கு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள். "ஏம்மா, நூத்து முப்பத்தெட்டு தூக்கினா ஹாஸ்டல்ல சேத்துக்குவாங்களாமே. மூணு வேளை சாப்பாடு, பள்ளிக்கூடம், எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்களாமே. நிஜந்தானா?"

நிஜந்தான். ஸ்நாட்ச் என்று ஒரு தூக்கு: தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேல். ஜெர்க் என்று இன்னொன்று: முதலில் தோளுக்கு, பிறகு மேலே. ஒவ்வொன்றுக்கும் மூன்று முயற்சி. இரண்டிலும் மேலான எடையைக் கூட்டி நூற்று முப்பத்தெட்டு வந்தால் விளையாட்டு விடுதியில் இடம். அரைக் கிலோ, கால் கிலோ என்ற பேச்செல்லாம் அங்கே கிடையாது.

"வரலன்னா?" என்று மெடல் கேட்டாள்.

"வரலன்னா என்கூட சைட்டுக்கு வருவா. வீட்ல சும்மா உக்கார வச்சுச் சோறு போட எனக்கு எங்க வழி?" என்றாள் சித்தாள்.

பெண்ணின் பயிற்சியாளர் ஒரு ஆலையில் ஃபிட்டர். லீவு கிடைக்கவில்லை. ஒரு சீட்டை நாலாய் மடித்துக் கொடுத்தனுப்பியிருந்தார். மெடல் பிரித்தாள். முதல் வரியில் ஸ்நாட்சுக்கு 58, 61, 63. இரண்டாம் வரியில் ஜெர்க்குக்கு 73, 76, 78. அதன் கீழே, 'பிள்ளை 63 மூன்று தடவை தூக்கியிருக்கிறாள். 78 ஒரே தடவைதான். எண்ணிக்கையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் மேடம்.' கடைசி வாக்கியத்தின் அடியில் இரண்டு கோடு.

மெடலுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. வெள்ளி வாங்கியவளுக்கு ஒரு ஃபிட்டர் பாடம் சொல்கிறார். சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

மேடைக்குப் பின்னால் வார்ம்-அப் அறை. தகரக் கூரை, எட்டு மரத்தளம், எட்டுக் கம்பி, வியர்வையும் தைலமும் கலந்த நெடி. எல்லாத் தளத்திலும் ஒரு பிள்ளை, பக்கத்தில் ஒரு பயிற்சியாளர். சுவரில் ஒரு டிவி, அதில் யார் யார் எந்த எடை கேட்டிருக்கிறார்கள் என்று பெயர்ப் பட்டியல். அந்த டிவியின் நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கொண்டையில் பென்சில் செருகியிருந்தது. மெடலைப் பார்த்தாள்.

"மஞ்சள் உனக்கு எடுப்பா இருக்குடி" என்றாள்.

"தோள்ல பிரிஞ்சிருக்கு."

"அதான் எடுப்பா இருக்கு."

பென்சில் என்றுதான் அவளை அந்தக் காலத்திலேயே கூப்பிடுவார்கள். இருவரும் ஒரே எடைப் பிரிவு, ஒரே பயிற்சிக்கூடம். பிரிவுக்கு ஒருத்தியைத்தான் அனுப்புவார்கள். மெடல் மூன்று கிலோ அதிகம் தூக்குவாள், மெடல்தான் போவாள். பென்சில் மாற்று வீராங்கனை என்ற பேரில் கூடவே வந்து ஒன்பது வருஷம் பின்னறையில் உட்கார்ந்திருந்தாள். இப்போது பயிற்சியாளர். மூட்டையின் பிரிவிலேயே அவளுடைய பிள்ளை ஒருத்தியும் இன்று தூக்குகிறாள், ஒட்டகம் மாதிரி நெட்டையான பெண்.

மெடல் ஒரு மூலைத் தளத்தைப் பிடித்தாள். டிவியைப் பார்த்தாள். குறைந்த எடை கேட்டவர்தான் முதலில் தூக்க வேண்டும். ஐம்பத்தெட்டுக்குக் கீழே ஐந்து பேர் கேட்டிருந்தார்கள். ஆளுக்கு மூன்று முயற்சி, ஆகப் பதினைந்து தூக்கு. தூக்குக்கு ஒரு நிமிஷம் என்றாலும் கால்மணி நேரம் கையில் இருக்கிறது. தாராளம்.

மூட்டை வெறும் கம்பியோடு ஆரம்பித்தாள். முப்பது, நாற்பது, நாற்பத்தைந்து. நாற்பத்தைந்தில்தான் மெடல் அதைக் கண்டாள். கம்பிக்கு அடியில் நுழைகிற நொடியில் பிள்ளையின் இடது குதிகால் ஒரு நூல் அளவு தரையை விட்டு எழும்புகிறது. ஃபிட்டர் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது. வேறு யார் கண்ணுக்கும் தப்பியிருக்கும். மெடலுக்கு அது வெள்ளைத் துணியில் கறைபோலத் தெரிந்தது.

"ஷூவைக் கழட்டு."

"எதுக்குக்கா?"

"கழட்டுன்னா கழட்டு. தரை எங்க இருக்குன்னு உன் காலுக்கே தெரியல."

மூட்டை பட்டையைப் பிரித்து, கயிற்றை அவிழ்த்து, இரண்டு ஷூவையும் ஓரமாக வைத்தாள். வெறுங்காலோடு வெறும் கம்பி. மெடல் முட்டி வலியையும் மறந்து தரையில் மண்டியிட்டு, பிள்ளையின் குதிகாலை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். "இப்போ நுழை. கையைப் பத்தி நினைக்காதே. குதிகாலால தரையைக் கீழே தள்ளு. இன்னொரு தடவை." மூன்றாவது தடவையில் குதிகால் ஆணி அடித்ததுபோல உட்கார்ந்தது. பிள்ளைக்கே அது புரிந்துவிட்டது. கம்பியைத் தலைக்கு மேல் வைத்தபடி கீழே குனிந்து தன் காலையே பார்த்தாள்.

"அக்கா, லேசா இருக்கு."

"இருக்கும்."

மெடலின் உடம்பு முழுக்க ஒரு சூடு பரவியது. பதினெட்டு வருஷமாகத் தனக்குள் சும்மா கிடந்த ஒன்று வேறொரு காலில் போய் வேலை செய்கிறது. குடோனில் எத்தனை பேலட் அடுக்கினாலும் இது கிடைக்காது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அந்த மூலையில் ஒலிபெருக்கி கரகரத்துக்கொண்டுதான் இருந்தது. என்ன சொல்கிறது என்று காது கொடுத்தால்தான் புரியும். காது கொடுக்கிற நிலையில் இருவரும் இல்லை.

"ஏய் மஞ்சள்" என்று பென்சில் நாற்காலியிலிருந்து கத்தினாள். "உன் பிள்ளையைத்தான்டி கூப்பிடுறான்."

மெடல் டிவியைப் பார்த்தாள். மூட்டையின் எண் பதினேழு, 58. பக்கத்தில் கடிகாரம்: 49, 48, 47.

பெயர் அழைத்து ஒரு நிமிஷத்துக்குள் கம்பி தரையை விட்டு எழும்ப வேண்டும். மூட்டை ஒரு ஷூவுக்குள் காலை நுழைத்தாள், மற்றது கவிழ்ந்து உருண்டது. மெடல் அதை எடுத்து மாட்டினாள், கயிறு விரலில் சிக்கிக்கொண்டது. "கட்ட வேணாம், ஓடு." பிள்ளை ஓடினாள். நடைபாதையில் நாற்பது அடி, பிறகு ஐந்து படி. அரைநிமிஷ எச்சரிக்கை மணி நடைபாதையிலேயே அடித்தது. மேடையேறும்போது ஒரு ஷூவின் பட்டை சட்டக் சட்டக்கென்று தரையில் அடித்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கையில் பவுடர் இல்லை. நாற்பத்தைந்துக்கு மேல் உடம்பு எதையும் பார்க்கவில்லை. அவள் குனிந்து கம்பியைப் பிடித்த நேரத்துக்கு நீளமாக ஒரு மணி அடித்தது.

அவ்வளவுதான். பலகையில் 58-க்குக் குறுக்கே சிவப்புக் கோடு விழுந்தது. தொடாமலே ஒரு முயற்சி போயிற்று.

மெடல் அதிகாரி மேஜைக்குப் போனாள். "தப்பு என்னோடது. பிள்ளை ஷூவை நான்தான் கழட்டச் சொன்னேன்" என்றாள். மேஜைக்காரர் நல்ல மனுஷர். எழுந்து நின்று பேசினார். "உங்க மேல எங்களுக்கு ரொம்ப மரியாதை மேடம். ஆனா மணி அடிச்சா அடிச்சதுதான். யாரு ஷூவைக் கழட்டினாங்கன்னு மணிக்குத் தெரியாதே."

இரண்டாம் முயற்சியில் மூட்டை 58-ஐத் தூக்கினாள். மூன்றாம் முயற்சியில், இதுவும் தவறிவிடக் கூடாதென்று, 61. குதிகால் ஆணி அடித்ததுபோல உட்கார்ந்தது. மூன்று வெள்ளை விளக்கு. நடுவர் மூவரும் சரி என்றார்கள். 61-ஐப் பார்த்த யாருக்கும் 63 அதே கையில் இருந்தது தெரிந்திருக்கும். ஆனால் முயற்சி தீர்ந்துவிட்டது.

ஜெர்க் தொடங்கப் பத்து நிமிஷ இடைவேளை. மூட்டை பெஞ்சில் உட்கார்ந்து ஷூக் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் மெடலுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"இன்னும் எவ்வளவுக்கா வேணும்?"

"எழுபத்தேழு."

"எழுபத்தெட்டே தூக்கியிருக்கேன்."

"ஒரு தடவை."

"ஒரு தடவைன்னா தூக்கினதுதானே" என்றாள் பிள்ளை.

மெடல் எழுந்து, அறையின் குறுக்கே நடந்து, பிளாஸ்டிக் நாற்காலி முன் நின்றாள். பென்சில் தன் நெட்டைப் பிள்ளையின் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எனக்கு எண்ணத் தெரியலடி."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். பதினைஞ்சு தூக்குன்னு நினைச்சே, இல்ல? ஆளுக்கு மூணுன்னு." பென்சில் கையைத் துண்டில் துடைத்தாள். "பேரை எண்ணியிருக்கே. அம்பத்தஞ்சுல ஆரம்பிக்கிறவ ரெண்டாவது தடவை அம்பத்தெட்டா கேட்பா? அறுபதுக்குத் தாவுவா. அவளோட மிச்சம் ரெண்டும் உன் பிள்ளைக்குப் பின்னாடிதான் வரும். பதினைஞ்சுன்னு நீ நினைச்சது எட்டு. அதுலயும் ரெண்டு கோச் நடுவுல எடையை ஏத்திட்டாங்க. எட்டு ஆறாச்சு. கம்பி ஏறும், இறங்காது. எவ எவ தாவுறான்னு சீட்டுல கண்ணை வச்சுக்கிட்டே உக்காந்திருக்கணும். குதிகாலைப் பிடிச்சுக்கிட்டு இல்ல."

"நீ எப்பவும் சொல்லவே இல்லையே இதை."

"நீ கேட்டியா? ஒன்பது வருஷம் உன் பக்கத்துல உக்காந்து கிறுக்கினேன். என்னடி கிறுக்குறேன்னு ஒரு நாளாவது கேட்டிருப்பியா?"

அந்தக் காலத்துப் பின்னறைகள் அவள் நினைவில் ஒரே மாதிரிதான் இருந்தன. பெஞ்சில் மல்லாந்து, முகத்தில் ஈரத்துண்டு. தோளில் இரண்டு விரல் படும், 'எழு' என்று ஒரு குரல் வரும். எழுவாள், தூக்குவாள், திரும்பி வந்து மறுபடி துண்டுக்குள் போவாள். எத்தனை தூக்கு மிச்சம், யார் தாவினார்கள் என்று ஒருநாளும் அவள் மண்டைக்குள் போனதில்லை. வெள்ளி வாங்கிய மறுநாள் பேப்பர்காரன் கேட்டதற்கு, என் உடம்புக்கே நேரம் தெரியும் என்று பதில் சொன்னாள். அதைக் கொட்டை எழுத்தில் தலைப்பாகப் போட்டிருந்தார்கள். வெட்டி ஒட்டி வைத்திருக்கிறாள்.

"அந்தப் பேட்டியை நானும் படிச்சேன்" என்றாள் பென்சில், அவள் எதை நினைக்கிறாள் என்று பார்த்தவளைப்போல. பிறகு கையை நீட்டினாள். "சீட்டைக் கொடு. முதல்லயே சொல்லிடுறேன், என் பிள்ளை எடையை உனக்காகக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எண்ணித் தர்றேன், அவ்வளவுதான். அதுவும் உனக்காக இல்ல. ஷூ கட்டாம ஓடுச்சே ஒரு பிள்ளை, அதுக்காக."

ஃபிட்டரின் சீட்டைத் திருப்பிப் போட்டு, கொண்டைப் பென்சிலை உருவி, கோடு கிழிக்க ஆரம்பித்தாள். ஒரு தூக்குக்கு ஒரு கோடு. தாவினால் கோட்டை அடித்துக் கீழே எழுதினாள். மெடல் பக்கத்தில் நின்று பார்த்தாள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானை ஒருத்தி ஒன்பது வருஷம் செய்திருக்கிறாள்.

"ஒன்பது இருக்கு. அம்பதைத் தூக்கச் சொல்லு." மூட்டை தூக்கினாள். "ஆறு. அறுபது." தூக்கினாள். "ஒருத்தி எடையை ஏத்திட்டா, நாலாச்சு. அறுபத்தெட்டு, இப்பவே." தூக்கினாள். "இப்போ உக்காரட்டும். துண்டை மூடு."

பிள்ளை துண்டுக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பென்சில் எழுந்து போய் அவள் தோளில் இரண்டு விரலை வைத்தாள்.

"எழு."

மெடலுக்குத் தன் தோளில் பட்டதுபோல இருந்தது.

73-க்கு மூன்று வெள்ளை விளக்கு. நின்ற நிலை, மூச்சு, கால் எல்லாம் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தன. 76-ஐத் தோளுக்கு இழுத்து எழும்போது கொஞ்சம் தடுமாறினாள், ஆனாலும் மேலே பூட்டினாள். இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு. செல்லும். கூட்டினால் நூற்று முப்பத்தேழு.

மெடல் 77 என்று எழுதிக் கொடுத்தாள். வேறு வழியில்லை. அப்போதுதான் பட்டியலைப் பார்த்தாள். 77-க்குக் கீழே யாரும் மிச்சமில்லை. மிச்சமிருந்த இரண்டு பேரும் அதற்கு மேலே கேட்டிருந்தார்கள். ஒருத்தி பென்சிலின் நெட்டைப் பிள்ளை, அவள் கேட்டிருந்தது 79. அதாவது மூட்டைக்குப் பின் மூட்டையேதான். நடுவில் வேறு யாரும் தூக்காததால் இரண்டு நிமிஷம்தான் ஓய்வு. நெட்டைப் பிள்ளை 77-க்கு இறங்கி முதலில் தூக்கினால், மூட்டைக்கு இன்னும் இரண்டு மூன்று நிமிஷம் மூச்சு கிடைக்கும்.

மெடல் பென்சிலைப் பார்த்தாள். பென்சில் சீட்டைப் பார்த்தாள்.

"கேட்காதே" என்றாள் பென்சில், அவள் வாயைத் திறக்குமுன்பே. "அவளுக்கும் வீடு இருக்கு. அவளுக்கும் நூத்து முப்பத்தெட்டு வேணும். எழுபத்தொன்பது தூக்கினாத்தான் அது வரும்."

மெடல் கேட்கவில்லை. பிள்ளையின் கையில் பவுடரைப் பூசினாள், இடுப்புப் பட்டையை ஒரு துளை இறுக்கினாள். சொல்வதற்கு நூறு விஷயம் இருந்தது. காலையில் சொன்னதே போதும்.

மூட்டை 77-ஐத் தோளுக்கு இழுத்தாள். எழுந்தாள், மெதுவாக, சேற்றிலிருந்து எழுகிறவளைப்போல. நின்றாள். மூச்சை இழுத்தாள். தொடையை வளைத்து மேலே எறிந்தாள். கம்பி மேலே போயிற்று, நின்றது. ஆனால் போகிற வழியில் வலது முழங்கை ஒரு கணம் மடங்கி, பிறகு நிமிர்ந்தது. மெடல் அதைப் பார்த்தாள். நடுவர்கள் பார்த்தார்கள். பார்க்காதவர்கள் இரண்டே பேர்: மேலே கேலரியில் எழுந்து நின்று கையைத் தட்டிய சித்தாள், கம்பியைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு சிரித்த அவள் மகள். மடங்கிய கை நிமிர்ந்து தூக்கினால் அது தூக்கில்லை.

கம்பி கீழே விழுந்தது. ஒரு வெள்ளை, இரண்டு சிவப்பு.

கேலரியில் அந்த ஒற்றைக் கைதட்டல் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லியிருக்க வேண்டும், பிறகு நின்றது.

நெட்டைப் பிள்ளை 79-ஐத் தூக்கினாள். அவளுக்குச் சரியாக நூற்று முப்பத்தெட்டு. விடுதித் தேர்வாளர் தன் தாளில் அவள் பெயரை எழுதினார். மெடல் அவரிடமும் போய் நின்று, ஷூவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முழுசாகக் கேட்டார். "நீங்க சொல்றது பொய்யின்னு நான் சொல்லல. ஆனா என் தாள்ல நூத்து முப்பத்தேழுதான் இருக்கு. எட்டு மாசம் கழிச்சு அடுத்த தேர்வு. அனுப்பி வைங்க, பாப்போம்" என்றார்.

மஞ்சள் பனியன்களை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். ஆளுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். படத்துக்காகக் கையைத் தூக்கச் சொன்னபோது மெடலின் தோள் தையல் முழுசாகப் பிரிந்தது.

வெளியே போகிற வழியில் பென்சில் தன் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். மெடல் நின்றாள். ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை என் பிள்ளைங்களுக்கு ஒரு போட்டி இருக்கு" என்றாள் பென்சில், பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே. "வந்து பின்னறையில உக்காரு. வாயைத் திறக்காதே. பென்சில் மட்டும் எடுத்துட்டு வா." ஃபிட்டரின் சீட்டை அவள் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

பஸ் நிறுத்தத்தில் வெயில் இன்னும் இறங்கவில்லை. தாயும் மகளும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மெடல் முட்டியை நீட்டி மெல்லப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூட்டை அவள் மடியிலிருந்த கேடயத்தைப் பார்த்தாள்.

"என்னடி எழுதியிருக்கு?" என்றாள் சித்தாள்.

"வெற்றிக்கு வழிகாட்டியவருக்கு" என்று மகள் படித்துக் காட்டினாள்.

சித்தாள் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்த ஒரே சிரிப்பு அதுதான். அதில் விஷம் இல்லை, சிரிக்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவே.

"ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்கம்மா" என்றாள் சிரிப்பு அடங்கியதும். "எங்க மேஸ்திரி இருக்கான். கலவை நேரத்துக்கு வந்து சேரலன்னா என் கூலியில பிடிச்சுக்குவான். தப்பு யாருது, எவன் தண்ணி லேட்டா விட்டான், எதையும் கேக்க மாட்டான். உங்ககிட்ட நாங்க எதைப் பிடிக்கிறது?"

மெடல் கோபப்பட நினைக்கவில்லை, மன்னிப்புக் கேட்கவும் நினைக்கவில்லை. மன்னிப்பைக் காலையிலிருந்து மேஜை மேஜையாகக் கேட்டாயிற்று, ஒரு கிலோகூட ஏறவில்லை.

"ஒரு தூக்கு" என்றாள். "உங்க பொண்ணுக்கு நான் ஒரு தூக்கு தரணும்."

"எந்த எடைக்கா?" என்றாள் மூட்டை உடனே. கேலியில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"அறுபத்து மூணு."

பிள்ளை தலையை ஆட்டினாள். சரியான எண்தான் என்பதுபோல.

"எட்டு மாசம் கழிச்சு நான் வர்றேன். உனக்கு நான்தான் எண்ணுவேன். அதுக்குள்ள கத்துக்கிறேன்."

"வாங்கக்கா." மூட்டை எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். பஸ் திருப்பத்தில் தெரிந்தது. "ஆனா அன்னைக்குத் தூக்குறது அன்னைக்கு உள்ளது. இன்னைக்குப் போனது தனிக் கணக்கு." ஒரு அடி எடுத்து வைத்தவள் திரும்பினாள். "குதிகால் நல்லாத்தான் உக்காந்துச்சு. அதை நான் விட மாட்டேன்."

சித்தாள் ஏறும்போது மகளின் முதுகில் கையை வைத்துத் தள்ளி ஏற்றினாள், மூட்டையை லாரியில் ஏற்றுகிற அதே தள்ளு. திங்கட்கிழமை அந்த முதுகு கலவைச் சட்டி தூக்கும். பஸ் புகையைக் கக்கிவிட்டுப் போயிற்று.

மெடல் சீட்டை எடுத்துப் பிரித்தாள். பின்பக்கம் பென்சில் கிழித்த கோடுகள், அடித்ததும் திருத்தியதுமாக, ஒன்று விடாமல். முன்பக்கம் ஃபிட்டரின் இரண்டு வரி. முதல் வரியின் கடைசி எண்ணுக்கு மூட்டையின் கை போகவே இல்லை. ஸ்நாட்ச், ஒரு முயற்சி, அறுபத்து மூன்று கிலோ. அவள் மூட்டைக்குத் தர வேண்டிய பாக்கி.